அணு ஆலையை மூடியாயிற்று, சாமான்களை எங்கே வைப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் அருங்காட்சியகவியல் படிக்கும் மாணவி. அமெரிக்க அணு ஆயுத ஆலைகளை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டு, "பழைய ஆலையை அங்கேயே வைத்துக் காட்டுவது நல்லதா, பொருட்களை ஊருக்குள் கொண்டுவந்து காட்டுவது நல்லதா" என்று இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் ஓய்வுபெற்ற பொறியாளர். மூடப்போகும் ஓர் ஆலையின் நினைவுக் குழுவில் இருக்கிறார். மூன்றாமவர் வாஷிங்டன் மாநிலத்தில் கென்னவிக் நகரில் வசிப்பவர். பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபின் அவருடைய மகள் கராஜிலிருந்து ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா ஹான்ஃபோர்டில் வேலை பார்த்தார், இதை என்ன செய்யலாம்?" என்று கேட்டாராம். பெட்டியில் தடித்த பேனா மாதிரி இரண்டு குழாய்கள், ஓர் அடையாள வில்லை, ஒரு சாப்பாட்டு டப்பா.

மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஹான்ஃபோர்ட் என்ற அணு ஆயுத ஆலையிலிருந்து வரும், காரணம் எளிது: நான்கு வழிகளில் மூன்றை ஒரே இடத்தில் பார்க்கலாம். நான்காவதுக்கு ஒஹாயோவுக்கும் மிசூரிக்கும் போகவேண்டும்.

## ஹான்ஃபோர்ட், சுருக்கமாக

1943இன் தொடக்கத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. ஹான்ஃபோர்ட், ஒயிட் பிளஃப்ஸ் என்ற இரண்டு சிற்றூர்களின் மக்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சில வாரங்கள்தான் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றில் மீன்பிடித்து வந்த வனாபம் மக்களும் வெளியே போனார்கள். டூபான்ட் நிறுவனம் கட்டிய பி அணு உலை 1944 செப்டம்பர் 26 இரவு இயங்கத் தொடங்கியது. முழு அளவில் புளுட்டோனியம் தயாரித்த உலகின் முதல் உலை அதுதான். 1945 ஜூலையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சோதித்த குண்டுக்கும், ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் போட்ட குண்டுக்கும் புளுட்டோனியம் ஹான்ஃபோர்டிலிருந்துதான் போனது.

பிறகு பனிப்போர் காலத்தில் உலைகளின் எண்ணிக்கை 9 ஆனது. இப்போது எல்லாம் மூடிக் கிடக்கின்றன. 177 நிலத்தடித் தொட்டிகளில் சுமார் 21 கோடி லிட்டர் கதிரியக்கக் கழிவு மிச்சம். அதைச் சுத்தப்படுத்தும் வேலை 1989இல் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. சாமான் எடுக்கும் வேலை நடப்பது ஆளொழிந்த பாழடைந்த ஆலையில் அல்ல. பாதி இடிபட்டு, பாதி காவலோடு இருக்கும் ஓர் இடத்தில். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## எதை வைத்து அளப்பது

வெளியே வருமா? முதல் கேள்வி இதுதான், பலர் கடைசியில் கேட்கிறார்கள். ஒரு பொருளைக் கட்டடத்தைவிட்டு எடுக்க, முதலில் அளவுகருவியை அதன் மேல் மெதுவாக ஓட்டுவார்கள். பிறகு ஒரு சிறிய வட்டத் தாளால் மேற்பரப்பைத் துடைத்து, அந்தத் தாளைத் தனியே அளப்பார்கள். முதல் சோதனை, ஒட்டிக்கிடக்கும் மாசையும் சேர்த்துச் சொல்லும். இரண்டாவது, கையோடு வந்துவிடக்கூடியதை மட்டும் சொல்லும். இரும்பும் கண்ணாடியும் பெரும்பாலும் தேறிவிடும். மரம், தோல், துணி, கயிறு எல்லாம் கஷ்டம். உள்ளே ஊறிப்போனதைத் துடைத்துப் பார்க்க முடியாதே. புளுட்டோனியம் விடும் ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும் என்பதால், பெயின்ட்டுக்கு அடியில் இருந்தால் கருவி சத்தமே போடாது. அதனால் இரண்டு கோட் பெயின்ட் அடித்த பழைய கதவு ஒன்றைக் கண்டால் அளவெடுப்பவருக்குச் சந்தேகம் கூடும், குறையாது.

இதில் ஒரு விளைவு உண்டு. சோதனையில் தேறியது மட்டும்தான் அருங்காட்சியகத்துக்கு வருகிறது. தொழிலாளியின் கையுறை வராது, செருப்பு வராது. அழுத்தமானி வரும். பேழைகளைப் பார்க்கிறவர் அங்கே மனிதர்களே இல்லாமல் கருவிகள் தாமே வேலை செய்தன என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார்.

கதிரியக்கம் மட்டும் பிரச்சினை இல்லை. ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட், பாதரசம், சில ஆலைகளில் பெரிலியம் தூள். எனக்குத் தெரிந்து சிறு குழுக்களைத் தடுக்கி விழவைப்பது கதிர்வீச்சைவிட ஆஸ்பெஸ்டாஸ்தான்.

இடம் மாறினால் எது தொலையும்? சில பொருள் எங்கே வைத்தாலும் பேசும். சிலது பிடுங்கி எடுத்ததும் ஊமையாகிவிடும்.

ஆண்டுச் செலவு யார் தருவார்? திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கும். பதினோராவது ஆண்டின் கூரை ஒழுகலுக்குக் கிடைக்காது.

யார் வந்து பார்க்க முடியும்? யாருடைய கதை விட்டுப்போகும்? இரண்டையும் சேர்த்தே பார்ப்பது நல்லது.

ரகசியம். அணு ஆயுத ஆலையில் பொருளின் வடிவமே ரகசியமாக இருக்கலாம். டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜில் யுரேனியத்தைச் செறிவூட்டிய, அதாவது அதில் குண்டுக்கு உதவும் வகையின் பங்கைக் கூட்டிய, கே-25 ஆலையின் இதயமே அதன் நுண்துளைத் தடுப்புச் சவ்வுதான். அதைப் பற்றிய விவரம் இன்றும் வெளியிடப்படவில்லை. இதயத்தைக் காட்டாமல் உடம்பைக் காட்டவேண்டிய நிலை.

தவறாகப் போனால் திரும்ப முடியுமா? கிடங்கிலிருக்கும் பொருளை நாளைக்கு எடுத்து மேடையில் வைக்கலாம். இடித்ததை நிறுத்தி வைக்க முடியாது.

## முதல் வழி: நின்ற இடத்திலேயே வைப்பது

பி உலை இதற்கு ஆகச்சிறந்த உதாரணம். மற்ற உலைகளுக்கு நடந்தது வேறு. சுற்றியிருந்த கட்டடங்களை இடித்து, நடுவிலிருக்கும் கிராஃபைட் பாளத்தை மட்டும் விட்டு, இரும்புக் கூரையால் மூடி, கதவைப் பற்றவைத்து, 5 ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதோடு சரி. கூட்டுப்புழு மாதிரி மூடுவது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். 1998இல் சி உலையில் தொடங்கி 2022இல் கே கிழக்கு உலை வரை 7 உலைகள் அப்படி மூடப்பட்டுவிட்டன. பி உலையும் அந்த வரிசையில்தான் இருந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்தே பழைய ஊழியர்கள் ஒரு சங்கமாகக் கூடி, அதைக் காப்பாற்றும்படி விடாமல் கேட்டார்கள். 2008இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. 2015 நவம்பரில் ஹான்ஃபோர்ட், ஓக் ரிட்ஜ், லாஸ் அலமோஸ் மூன்றையும் சேர்த்து மன்ஹாட்டன் திட்டத் தேசிய வரலாற்றுப் பூங்கா உருவானது (போர்க்காலத்தில் அணுகுண்டு செய்த ரகசியத் திட்டத்தின் பெயர் அது).

உள்ளே போனால் முன்முகம் தெரியும். 36 அடிக்கு 36 அடி கிராஃபைட் பாளம், அதற்குள் நுழையும் 2,004 குழாய்களின் வாய்கள். நான் எதிரில் நின்றபோது முதலில் பார்த்தது நடுவை அல்ல, மூலைகளைத்தான். கதை அங்கேதான் இருக்கிறது. இயற்பியலாளர்கள் கணக்குப்படி வட்டமாக 1,500 குழாய் போதும். டூபான்ட் பொறியாளர்கள் ஒத்துக்கொள்ளாமல் மூலைகளையும் நிரப்பி மேலும் 504 போட்டார்கள். வீண் செலவு என்று முணுமுணுப்பு இருந்தது. 1944 செப்டம்பரில் உலை ஓடத் தொடங்கிச் சில மணி நேரத்தில் தானாக அடங்கிப்போனது. பிறகு தானாக உயிர்பெற்றது, மறுபடி அடங்கியது. உலைக்குள்ளேயே பிறக்கும் செனான்-135 என்ற வாயு, அணுவினையைத் தொடரவைக்கும் நியூட்ரான்களைத் தின்றுகொண்டிருந்தது என்று கண்டுபிடித்தார்கள். மூலைக் குழாய்களிலும் யுரேனியத்தை நிரப்பி அந்தப் பசியை ஈடுகட்டினார்கள். மூலைகள் இல்லையென்றால் உலையைத் திரும்பக் கட்டியிருக்க வேண்டும்.

இந்தக் கதையை ஒரு குழாயை மட்டும் பிடுங்கி வந்து பேழையில் வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. வட்டத்துக்கு வெளியே இருக்கும் அந்த நான்கு மூலைகளையும் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய ஒரு சுவரில் கண்ணால் பார்க்கவேண்டும். கட்டுப்பாட்டு அறையிலும் அப்படித்தான். ஒவ்வொரு குழாயின் நீரழுத்தத்துக்கும் ஒரு மானி, ஆக 2,004 மானிகள் ஒரே சுவரில். ஒன்றைக் கழற்றினால் அது ஒரு வட்ட டயல், அவ்வளவே.

சரி, இனி மறைந்த செலவு.

முதலாவது, உலையின் முகத்தைக் காட்டுவார்கள், முதுகைக் காட்டமாட்டார்கள். யுரேனியத் துண்டுகளைப் பின்பக்கமாகத் தள்ளி நீர்த் தொட்டியில் விழவைத்தார்கள். கதிரியக்கம் மிகுந்த பகுதி அது, பார்வையாளருக்குத் திறப்பதில்லை. அந்தத் துண்டுகளை அமிலத்தில் கரைத்துப் புளுட்டோனியத்தைப் பிரித்த, 'பள்ளத்தாக்கு' என்று அழைக்கப்பட்ட 800 அடி நீளக் கட்டடங்களுக்கும் யாரும் சுற்றுலா போவதில்லை. தொட்டிகளில் கிடக்கும் கழிவு அங்கேதான் பிறந்தது. இடத்திலேயே பாதுகாப்பதென்றால் சுத்தமான பாதியைப் பாதுகாப்பது என்றுதான் முடிகிறது. பார்த்துவிட்டு வருகிறவர் இயற்பியலை வியப்பார், வேதியியலை அறியமாட்டார். என் கணக்கில் இந்த வழியின் ஆகப்பெரிய குறை கூரைச் செலவு அல்ல, இதுதான்.

இரண்டாவது, தூரம். சுற்றுலா நடக்கும் காலத்தில் பக்கத்து நகரமான ரிச்லாந்திலிருந்து பேருந்தில் ஏற்றிக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவருகிறார்கள். கிட்டத்தட்ட அரை நாள் போய்விடும். ஆண்டு முழுக்கத் திறந்திருப்பதும் இல்லை. பள்ளிக் குழந்தை மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து இன்னொரு தரம் காட்டும் இடம் அல்ல அது.

மூன்றாவது, அவசரமாகக் கட்டிய போர்க்காலக் கட்டடம். 1968இல் உலையை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் அது பார்வையாளருக்காக நின்றுகொண்டிருக்கிறது, அதற்காகக் கட்டப்படவில்லை. தீ விபத்தின்போது வெளியேறும் வழி, வெப்பம், நடைபாதை எல்லாவற்றையும் பழைய தோற்றம் கெடாமல் சேர்க்கவேண்டும்.

எப்போது இதுவே சரி: பொருளின் அளவுதான் அதன் அர்த்தமே என்றால், நிலம் அரசாங்கத்திடம் நீண்ட காலம் இருக்கும் என்றால், மாசு உள்ள பகுதியையும் பார்வையாளர் நடமாடும் பகுதியையும் சுவர் வைத்துப் பிரிக்க முடியும் என்றால். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் யோசியுங்கள்.

## இரண்டாவது வழி: ஊருக்குள் ஓர் அருங்காட்சியகம்

டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் கே-25 ஆலை யு வடிவத்தில் நின்றது. ஒவ்வொரு கையும் அரை மைல் நீளம், அடித்தளம் 44 ஏக்கர். ஒரு பகுதியையாவது வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் பேசினார்கள். ஆனால் தளங்கள் மக்கிப்போயிருந்தன. 2006இல் ஒரு தொழிலாளி தளம் உடைந்து சுமார் 30 அடி கீழே விழுந்தார். 2012இல் வேறு உடன்பாடு கண்டார்கள்: ஆலை முழுவதையும் இடிப்பது, பதிலுக்கு ஒரு வரலாற்று மையம் கட்டுவது, நகரில் இருந்த பழைய விருந்தினர் விடுதியைக் காப்பாற்ற 5 லட்சம் டாலர் தருவது. 2013இல் இடித்து முடித்தார்கள். கே-25 வரலாற்று மையம் 2020 பிப்ரவரியில் அங்கே தீயணைப்பு நிலையத்தின் மாடியில் திறந்தது. 7,500 சதுர அடி. 44 ஏக்கர் என்பது 19 லட்சம் சதுர அடிக்கும் மேல் என்பதை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைத் திரும்பப் படியுங்கள்.

அப்படியானால் தோல்வியா? இல்லை. உள்ளூர் மையத்தால் ஆலை செய்யாத ஒன்றைச் செய்ய முடியும்: ஆட்களைக் காட்டலாம். ஆலைக்குள் யந்திரம்தான் நாயகன், மையத்தில் அந்த யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். சாப்பாட்டு டப்பா, வேலைச் சீட்டு, வாய்மூடி இருக்கச் சொல்லும் சுவரொட்டி, குடும்பப் படம் இவையெல்லாம் இங்கேதான் பொருந்தும். ஹான்ஃபோர்டிலும் 1944இல் ஊழியர்கள் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்து ஒரு பி-17 குண்டுவீச்சு விமானம் வாங்கித் தந்தார்கள். அதற்கு 'ஒரு நாள் சம்பளம்' என்றே பெயர் வைத்தார்கள். தாங்கள் என்ன தயாரிக்கிறோம் என்று பெரும்பாலோருக்குத் தெரியாத ஆலையில் நடந்தது இது. இந்தக் கதைக்கு உலை தேவையே இல்லை. ஒரு புகைப்படமும் நல்ல எழுத்தும் போதும்.

ஓக் ரிட்ஜில் 1949இல் போர்க்காலச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் தொடங்கிய அணு ஆற்றல் அருங்காட்சியகத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. பார்வையாளர் 10 சென்ட் நாணயத்தைக் கொடுத்தால் நியூட்ரான் கதிரில் காட்டித் திருப்பித் தருவார்கள். வெள்ளி கொஞ்ச நேரம் கதிரியக்கமாகி, நிமிடங்களில் அடங்கிவிடும். ஆயிரக்கணக்கானோர் நினைவுப்பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அந்த நாணயமே காட்சிப்பொருள். காட்சி வைக்கும் முறையே பிறகு வரலாறாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மறைந்த செலவு இங்கே வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. பொருட்கள் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம், அருங்காட்சியகத்துக்கு இரவல். ரிச்லாந்தில் ஹான்ஃபோர்டின் சேகரிப்பை வைத்திருந்த பழைய அருங்காட்சியகம் 2014இல் மூடப்பட்டது. சேகரிப்பு வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ட்ரை-சிட்டீஸ் வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு ஆற்றங்கரையில் ரீச் அருங்காட்சியகம் திறந்தது. அதன் கதையில் ஹான்ஃபோர்ட் ஒரு பகுதி, ஆறும் நிலமும் இன்னொரு பகுதி. ஓர் அருங்காட்சியகம் மூடினால் பொருட்கள் எங்கே போகும் என்பதைத் திறக்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். நினைவுக் குழுப் பொறியாளர் ஐயாவுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான யோசனை இதுதான்.

இன்னொன்று, ஊர்ப்பெருமை. ரிச்லாந்து உயர்நிலைப் பள்ளி அணிகளுக்கு 'பாம்பர்ஸ்' என்று பெயர், சின்னத்தில் காளான் மேகம். அந்த ஊர்க்காரர் நன்கொடையில் ஓடும் ஓர் அரங்கில், நாகசாகிக்கு எவ்வளவு சுவர் ஒதுக்குவீர்கள்? நாகசாகி அருங்காட்சியகத்தில் 11:02க்கு நின்றுபோன ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது. ஹான்ஃபோர்டின் மானிகளையும் அந்தக் கடிகாரத்தையும் ஒரே அரங்கில் நினைத்துப் பார்க்கிற காப்பாட்சியர்தான் இந்த வழிக்குப் பொருத்தமானவர்.

எப்போது இதுவே சரி: ஆலைக் கட்டடம் காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தால், பொருட்கள் சிறியவையாக இருந்தால், ஊழியர் குடும்பங்கள் பக்கத்திலேயே இருந்தால்.

## மூன்றாவது வழி: கிடங்கும் ஆவணமும்

இதை யாரும் ஆசையாகத் தேர்ந்தெடுப்பதில்லை. திறப்பு விழா இல்லை, ரிப்பன் இல்லை. நான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முதலில் செய்வது இதுதான்.

காரணத்தை அந்தத் தகரப் பெட்டியை வைத்தே சொல்கிறேன். பேனா மாதிரி இருந்த இரண்டும் அநேகமாகப் பென்சில் டோசிமீட்டர்கள், அதாவது சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் கதிர்வீச்சு அளவிகள். வேலைக்குள் நுழையும்முன் மின்னேற்றம் செய்து கொடுப்பார்கள். உள்ளே கதிர் பட்டால் மின்னேற்றம் கசியும், வெளியே வரும்போது எவ்வளவு கசிந்தது என்று படிப்பார்கள். இரண்டு ஏன்? அந்தக் கருவி கெட்டால் பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும், குறைவாகக் காட்டாது. கீழே போட்டாலோ ஈரம் பட்டாலோ தானே கசிந்துவிடும். அதனால் இரண்டு கொடுத்து, குறைந்ததைக் கணக்கில் எழுதினார்கள்.

இப்போது அந்த இரண்டில் ஒன்றை ரீச் போன்ற ஓர் இடத்துக்கும், இன்னொன்றைப் பேரனுக்கும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் ஜோடி என்ற செய்தி போய்விடும். ஒரு தொழிலாளியின் உடம்பு வாங்கிய கதிரை ஒரு நிர்வாகம் எப்படிக் கணக்கு வைத்தது, சந்தேகத்தின் பலனை எந்தப் பக்கம் சாய்த்தது என்பதெல்லாம் அந்த ஜோடியில்தான் இருக்கிறது. எந்தக் கட்டடத்தில், எந்த ஆண்டில், யார் போட்டுக்கொண்டது என்று எழுதிய அட்டை இல்லாவிட்டால் டோசிமீட்டர் வெறும் உலோகக் குழாய். எடைக்குப் போடலாம்.

ஹான்ஃபோர்டில் இதை ஓரளவு புரிந்துகொண்டார்கள். 1966ஆம் ஆண்டு வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கட்டடங்களை இடிக்கும்முன் வரலாற்றறிஞர்களும் பழைய ஊழியர்களும் அறை அறையாக நடந்து, வைத்துக்கொள்ளவேண்டிய பொருட்களில் அட்டை கட்டினார்கள். மாசு காரணமாக எடுக்க முடியாததைப் படமெடுத்து வைத்தார்கள். அந்த நடை ஒரு வேலைநாள் விஷயம். ஆனால் இடிப்புக் குழு நுழைந்தபின் எத்தனை கோடி கொடுத்தாலும் அதைச் செய்ய முடியாது.

ஆவணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1949 டிசம்பரில் ஹான்ஃபோர்டில் வேண்டுமென்றே பெரிய அளவில் கதிரியக்க அயோடின்-131ஐக் காற்றில் விட்டார்கள். ரஷ்யர்களின் ஆலையைக் காற்றிலிருந்து மோப்பம் பிடிக்க முடியுமா என்று பார்க்கும் ராணுவச் சோதனை அது. காற்று அடித்த திசையில் வாழ்ந்த உழவர்களுக்கு 36 ஆண்டுகள் இது தெரியாது. 1986 பிப்ரவரியில் அரசு 19,000 பக்க ஆவணங்களை வெளியிட்ட பிறகுதான் வெளிவந்தது. எந்த யந்திரமும் அதைச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. காகிதம் சொன்னது. காட்சிக்கூடம் கட்டப் பணம் சேர்ப்பவர்கள் காகிதப் பெட்டிகளை 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதத்தை நீங்கள் எடுத்துவைக்காவிட்டால் அது காலாவதியான கோப்பு என்ற பெயரில் அரைக்கப்பட்டுவிடும்.

மேலே சொன்ன பல்கலைக்கழக வளாகத்தில் வாய்மொழி வரலாறும் பதிவு செய்கிறார்கள். வெளியேற்றப்பட்ட உழவர் குடும்பங்கள், கட்டுமானக் காலத்தில் தனி முகாமில் வைக்கப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் என்று உலைச் சுற்றுலாவில் இடம் கிடைக்காதவர்களின் குரல்கள் அங்கே இருக்கின்றன.

குறைகள்? பழைய அசிடேட் படச்சுருள் புளிக்காடி வாசம் அடித்துச் சுருங்கும், அதற்குக் குளிர்ச்சியும் வறட்சியும் கட்டுப்படுத்திய அறை வேண்டும். பழைய பிளாஸ்டிக் பிசுபிசுக்கும். ஆவணங்களை ரகசியம் நீங்கியதா என்று ஒவ்வொரு பக்கமாக ஒருவர் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் பார்க்காத ஒன்றுக்கு ஆண்டுதோறும் சம்பளம் கேட்டு நிதிக் குழுவின் முன் நிற்கவேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு கஷ்டம் என்று.

எப்போது இதுவே சரி: இன்னும் எதுவும் முடிவாகாதபோது. இடிப்பு நெருங்கும்போது. பணம் குறைவாக இருக்கும்போது.

## நான்காவது வழி: இடித்துவிட்டுக் குறி வைப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் இது தேர்வாக நடப்பதில்லை, தானாக நடக்கிறது.

ஒஹாயோவின் ஃபெர்னால்டில் 1951 முதல் 1989 வரை யுரேனிய உலோகம் தயாரித்தார்கள். ஆலையின் பெயரில் 'ஃபீட்' (தீவனம் என்றும் பொருள்படும்) என்ற சொல் இருந்தது, நீர்த்தொட்டியில் ஒரு தீவன நிறுவனத்தின் சின்னம் மாதிரி சிவப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் மாட்டுத்தீவனம் செய்கிறார்கள் என்றே நினைத்தார்கள். 2006இல் சுத்தப்படுத்தி முடித்து, புல்வெளியும் நீர்நிலையுமாக விட்டார்கள். 2008இல் பழைய கிடங்கொன்றை மாற்றிப் பார்வையாளர் மையம் திறந்தார்கள். மிசூரியின் வெல்டன் ஸ்பிரிங்கில் இன்னும் வெளிப்படை. கழிவையெல்லாம் 41 ஏக்கரில் 75 அடி உயர மேடாகக் குவித்துக் கல்லால் மூடி, மேலே ஏறப் படியும் போட்டிருக்கிறார்கள். அங்கே காட்சிப்பொருள் கழிவுதான். நீங்கள் அதன் மேலேயே நிற்கிறீர்கள். நேர்மையான காட்சி என்றே சொல்வேன்.

கொலராடோவின் ராக்கி ஃப்ளாட்ஸில் குண்டுகளின் புளுட்டோனியக் கருக்களைச் செய்தார்கள். 1989 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ சோதனை போட்டது. 2005க்குள் 800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போய்விட்டன. புளுட்டோனியத்தைக் கையாண்ட கையுறைப் பெட்டிகள் (வெளியிலிருந்து கைவிட்டு வேலை செய்யக் கையுறை பொருத்திய மூடிய பெட்டிகள்) வெட்டப்பட்டு, நியூ மெக்சிகோவில் 650 மீட்டர் ஆழத்து உப்புச் சுரங்கத்துக்குப் போயின. அந்தத் தொழிலைச் சொல்ல அதைவிடத் தகுந்த பொருள் இல்லை, அதைக் காட்டவே முடியாது. இத்தகைய பொருளுக்கு முப்பரிமாணப் பதிவும் முழு அளவு நகலும்தான் வழி. நகல் என்றால் கௌரவக் குறைவு என்று நினைக்காதீர்கள்; நகல் என்று பலகையில் பெரிதாக எழுதிவிட்டால் போதும்.

எப்போது இதுவே சரி: மாசு வேறு வழி விடாதபோது. நிலத்தை மக்களுக்குத் திருப்பித் தருவது பொருளைக் காட்டுவதைவிட முக்கியம் என்று ஊரே முடிவெடுத்தபோது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நின்ற இடத்தில் | ஊர் அருங்காட்சியகம் | கிடங்கும் ஆவணமும் | இடித்துக் குறி வைப்பது |
|---|---|---|---|---|
| மாசுச் சோதனை | பொருள் வெளியே வரவேண்டாம். ஆள் உள்ளே போகவேண்டும் | ஒவ்வொரு பொருளும் தேறவேண்டும் | தேறவேண்டும். தேறாததற்குப் படம் | நகலுக்குத் தேவையில்லை |
| அளவும் சூழலும் | அப்படியே நிற்கும் | பெரும்பாலும் போய்விடும் | போகும், குறிப்பில் நிற்கும் | நிலத்தின் அளவு மட்டும் |
| மனிதர் கதை | பலவீனம் | நன்று | மிக நன்று, தேடி வருபவருக்கு | பலகையின் அளவுக்கு |
| ஆண்டுச் செலவு | கட்டடம் தின்னும் | ஊழியர், வாடகை | குளிர்ச்சி, பட்டியலிடுவோர் | குறைவு |
| பார்ப்பவர் எளிமை | அரை நாள், முன்பதிவு | எளிது | ஆய்வாளருக்கு | எளிது |
| தவறினால் மீட்சி | உண்டு | ஓரளவு | உண்டு | கிடையாது |

## அப்படியானால் எதை எடுப்பது

மாணவிக்கு: உங்கள் இரண்டு அத்தியாயங்களும் எதிரெதிர் அல்ல. ஹான்ஃபோர்டில் உலை, ஆற்றங்கரை அருங்காட்சியகம், பல்கலைக்கழகக் கிடங்கு மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. உலைக்குள் சொல்ல முடியாத வேதியியலையும் வெளியேற்றத்தையும் மற்ற இரண்டும் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்கின்றனவா, எவ்வளவு என்று பாருங்கள். ஆய்வேடு அங்கேதான் இருக்கிறது.

பொறியாளர் ஐயாவுக்கு: கட்டடத்துக்கு வரைபடம் போடும் முன் அறை அறையாக ஒரு நடை. கையில் அட்டை, நூல், கேமரா. கூடவே அந்த அறையில் வேலை பார்த்த ஒருவர். அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். எடுத்துக்கொள்ளும் பொருளுக்கு இடமே இல்லையென்றாலும் பரவாயில்லை, அட்டை மட்டும் இருக்கட்டும். நிதி கிடைத்தால் இரண்டாவது வழி. முதல் வழிக்கு, மேலே சொன்ன மூன்று நிபந்தனையும் இருந்தால் மட்டும்.

கென்னவிக் நண்பருக்கு: பெட்டியைத் துடைக்காதீர்கள், கழுவாதீர்கள். டப்பாவைத் திறந்து பார்க்க ஆசை வரும், வேண்டாம். இருக்கிறபடியே படமெடுத்து, மூடி வைத்துவிட்டு, கதிர்வீச்சு அளக்கத் தெரிந்தவரை முதலில் கூப்பிடுங்கள். அவர் சரி என்றபின் பல்கலைக்கழக வளாகத்தில் பேசுங்கள். அதற்கு முன் ஒரு வேலை. பக்கத்து வீட்டுப் பெரியவரின் மகளிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அப்பா எந்தப் பேருந்தில் போனார், எந்தப் பகுதியில் இறங்கினார், இரவு ஷிஃப்டா, வீட்டுக்கு வந்ததும் செருப்பை எங்கே விட்டார் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குள் அல்ல, பெட்டியின் மேல் ஒட்டுங்கள்.

அந்த இரண்டு குழாய்களையும் பிரிக்காதீர்கள்.